1969 மெட்ஸ் இன்ஃபீல்ட்: ஏழு பேர் ஆடினார்கள், எத்தனை பெயர் நினைவிருக்கிறது?

மூணாம்பேஸ் எழுதியது:

வணக்கம். 1969 நியூயார்க் மெட்ஸ் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் டாம் சீவரின் 25 வெற்றிகள், ஜெர்ரி கூஸ்மன், உலகத் தொடரில் டாமி ஏஜி பிடித்த இரண்டு கேட்சுகள், ரான் ஸ்வொபோடா பாய்ந்து விழுந்து பிடித்த ஒன்று என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். பந்து எறிந்தவர்களும் அவுட்ஃபீல்டில் ஓடியவர்களும் மட்டும் சேர்ந்து கோப்பையை வாங்கிவிட்ட மாதிரி. இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்தில்) நின்றவர்களுக்கென்று இங்கே ஒரு இழைகூட இல்லை. சரி, நானே தொடங்கிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. மெட்ஸ் 1962-ல் பிறந்த அணி. முதல் வருடம் 40 வெற்றி, 120 தோல்வி. 1968-ல் பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். அடுத்த வருடம் 100 வெற்றி. ஆகஸ்ட் நடுவில் சிகாகோ கப்ஸுக்குப் பத்து ஆட்டம் பின்னால் கிடந்தவர்கள், கடைசியில் எட்டு ஆட்டம் முன்னால் போய் முடித்தார்கள். பிறகு லீக் பட்டத்துக்கான தொடரில் அட்லாண்டாவை 3-0, உலகத் தொடரில் 109 ஆட்டம் ஜெயித்து வந்த பால்டிமோரை 4-1.

அந்த அணியின் இன்ஃபீல்டில் இடம் நாலு, ஆடியவர்கள் ஏழு பேர். ஃபர்ஸ்ட் பேஸில் எட் கிரேன்பூலும் டான் கிளெண்டனனும். செகண்ட் பேஸில் கென் பாஸ்வெல்லும் அல் வைஸும். தேர்ட் பேஸில் வெய்ன் காரெட்டும் எட் சார்ல்ஸும். ஷார்ட்ஸ்டாப்பில் மட்டும் நிரந்தரமாக ஒருவர், பட் ஹாரல்சன். எதிரில் வலக்கை பிட்சர் என்றால் மேனேஜர் கில் ஹாட்ஜஸ் இடக்கை பேட்டர்களான கிரேன்பூல், பாஸ்வெல், காரெட்டை இறக்குவார். இடக்கை பிட்சர் என்றால் அந்த மூவரும் பெஞ்சுக்குப் போவார்கள். கிளெண்டனன், வைஸ், சார்ல்ஸ் வருவார்கள்.

என் கட்சி இதுதான்: தனித்தனியாகப் பார்த்தால் இவர்களில் யாரும் நட்சத்திரம் இல்லை. பாதி வருடம் ஆடியவருக்குப் பாதிக் கணக்குதான் புத்தகத்தில் நிற்கும். அதனாலேயே மறந்துபோனோம். ஆனால் இவர்களை எடுத்துவிட்டு அந்தக் கோப்பையை யோசிக்க முடியாது.

எண்கணக்கன் எழுதியது:

//இவர்களை எடுத்துவிட்டு அந்தக் கோப்பையை யோசிக்க முடியாது//

சுலபமாகவே யோசிக்கலாம். வைஸின் பேட்டிங் சராசரி .215, அதாவது ஆயிரம் முறை பேட் பிடித்தால் 215 ஹிட். காரெட் .218. சார்ல்ஸ் .207. கிரேன்பூல் .238. ஹாரல்சன் .248, வருடம் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை. பாஸ்வெல் ஒருவர்தான் .279 என்று கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறார். தேர்ட் பேஸைப் பங்கு போட்டுக்கொண்ட இருவரும் சேர்ந்தே அடித்தது நாலு ஹோம் ரன்.

ஜெயித்தது பிட்சிங்கால். ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.99 ரன்தான் கொடுத்தார்கள். செப்டம்பர் 12-ல் பிட்ஸ்பர்க்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடந்தது. இரண்டிலும் மெட்ஸ் 1-0 என்று ஜெயித்தார்கள். இரண்டிலும் அந்த ஒற்றை ரன்னை அடித்துக் கொண்டுவந்தது பிட்சரேதான்: முதலில் கூஸ்மன், அடுத்து டான் கார்ட்வெல். பந்தையும் எறிந்து ரன்னையும் அவர்களே அடித்தார்கள் என்றால் இன்ஃபீல்டர்களை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

சேப்பாக்கம்_கேலரி எழுதியது:

நான் கிரிக்கெட் ஆள். பேஸ்பால் இப்போதுதான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். வலக்கை, இடக்கை என்று பார்த்து அணியில் பாதியை மாற்றும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? நன்றாக அடிக்கிறவர் எந்தக் கையால் எறிந்தாலும் அடிக்கமாட்டாரா?

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

தம்பி, இடக்கை ஸ்பின்னர் வலக்கை பேட்ஸ்மேனிடமிருந்து பந்தை வெளியே திருப்பி எடுத்துப்போவாரே, அந்தத் தொல்லைதான். வலக்கை பிட்சர் போடும் ஸ்லைடர் வலக்கை பேட்டரைவிட்டு விலகி ஓடும். அதே பந்து இடக்கை பேட்டருக்கு உள்ளே வரும். பிட்சர் கையைவிட்டு வருவதும் அவருக்குச் சீக்கிரம் கண்ணில் படும். நல்ல பேட்டருக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம். சுமாரான பேட்டருக்கு நிறைய. ஹாட்ஜஸிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் சுமார் ரகம், அதனால் அவருக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

இதன் விளைவு அக்டோபரில் எப்படி வந்தது என்று பாருங்கள். அட்லாண்டாவுக்கு முதலில் எறிந்த மூவரும் (நீக்ரோ, ரீட், ஜார்விஸ்) வலக்கை. எனவே மூன்று ஆட்டத்தையும் இடக்கைக் கூட்டமே தொடங்கியது. மெட்ஸ் 27 ரன் குவித்தார்கள். பாஸ்வெல் இரண்டு ஹோம் ரன், காரெட்டின் சராசரி .385. கிளெண்டனன் அந்தத் தொடரில் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. அடுத்து பால்டிமோர். அவர்களிடம் மைக் குவேயார், டேவ் மெக்நலி என்று இரண்டு இடக்கை பிட்சர்கள். ஐந்து ஆட்டத்தில் நாலில் அவர்கள் எறிந்தார்கள். அதுவரை 27 ரன்னில் பெரும்பங்கு அடித்தவர்களை ஹாட்ஜஸ் உட்காரவைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். ஒரு பந்துகூட ஆடாத கிளெண்டனன் அந்த நாலு ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்து உலகத் தொடரின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார்.

ஜெயிக்கிற கூட்டத்தை மாற்ற எந்த மேனேஜருக்கும் கை நடுங்கும். ஹாட்ஜஸுக்கு நடுங்கவில்லை.

ஃப்ளஷிங்_மீனா எழுதியது:

ஸ்கோர்கார்டு சார், அழகாகச் சொன்னீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஹாட்ஜஸே ஃபர்ஸ்ட் பேஸ்மேன். டாட்ஜர்ஸில் மூன்று கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) வாங்கியவர். 1962 மெட்ஸிலும் ஆடினார், அந்த அணியின் முதல் ஹோம் ரன் அவருடையது. இன்ஃபீல்டரின் கண்ணோடு அணியைப் பார்த்தவர். 1972 ஏப்ரலில், 48 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2022-ல்.

மூணாம்பேஸ் எழுதியது:

எண்கணக்கன் .215 என்று ஒரு எண்ணை வீசிவிட்டுப் போய்விட்டார். அந்த .215-ன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அல் வைஸ் லாங் ஐலண்ட் பையன். சிகாகோ வைட் சாக்ஸில் இருந்தவரை 1967 டிசம்பரில் மெட்ஸ் வாங்கினார்கள். உண்மையில் வாங்க நினைத்தது ஏஜியை. கூடவே இவரும் வந்தார். வந்த வேகத்தில் 1968 ஏப்ரல் 15, ஹூஸ்டன். 24 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டம், ஆறு மணி நேரத்துக்கும் மேல், இரண்டு பக்கமும் ரன் இல்லை. கடைசியில் ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற வைஸின் காலுக்கிடையில் ஒரு தரைப்பந்து போனது. ஹூஸ்டன் 1-0. அந்த ஊரில் இன்றைக்கும் வைஸ் என்றால் சிலருக்கு அதுதான் ஞாபகம்.

1969 ஜூன் 4, மெட்ஸின் சொந்த மைதானமான ஷே ஸ்டேடியம், எதிரில் டாட்ஜர்ஸ். மறுபடியும் ரன்னே இல்லாமல் 15-வது இன்னிங்ஸ். தேர்ட் பேஸில் டாட்ஜர்ஸ் ரன்னர் பில்லி கிராபர்கெவிட்ஸ். அடித்த பந்து பிட்சர் ரான் டெய்லர் மேல் பட்டுத் திசை மாறியது. செகண்ட் பேஸில் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்த வைஸ், உடம்பை அப்படியே திருப்பிப் பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்தார். அவுட். அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் காரெட் அடித்த சிங்கிளை சென்டர் ஃபீல்டில் வில்லி டேவிஸ் கோட்டை விட, ஏஜி ஓடி வந்து ரன். 1-0. அது மெட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்த காலம். 24 இன்னிங்ஸில் தோற்றதற்குப் பதில் 15 இன்னிங்ஸில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை வருகிறது. ஹாரல்சனுக்கு ராணுவ ரிசர்வ் பணி, இரண்டு வாரம் கேம்ப் டிரம்மில். வியட்நாம் போர் நடந்த காலம். நிறைய ஆட்டக்காரர்கள் இப்படிப் பருவத்தின் நடுவே போய்வந்தார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் வைஸ். ஜூலை 9 அன்று சீவர் 25 பேரை வரிசையாக அவுட் ஆக்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜிம்மி குவால்ஸிடம் சிங்கிள் வாங்கினாரே, அந்த ராத்திரியும் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றது வைஸ்தான். அடுத்த வாரம் சிகாகோ, ரிக்ளி ஃபீல்ட். ஜூலை 15-ல் மூன்று ரன் ஹோம் ரன், மெட்ஸ் 5-4. மறுநாள் இன்னொன்று. அந்த வருடம் முழுக்க வைஸ் அடித்ததே அந்த இரண்டுதான். இரண்டும் முதலிடத்தில் இருந்த அணிக்கு எதிராக, அவர்களுடைய சொந்த மைதானத்தில்.

எண்கணக்கன், உங்கள் .215-க்குள் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

எண்கணக்கன் எழுதியது:

உள்ளேதான் இருக்கிறது. மீதி நாட்களில் என்ன செய்தார் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லமாட்டீர்கள். நல்ல நாட்களை மட்டும் பொறுக்கினால் யாரையும் நாயகனாக்கலாம். வைஸ் மொத்த வாழ்க்கையில் அடித்தது ஏழு ஹோம் ரன். ஹாரல்சனும் மொத்த வாழ்க்கையில் ஏழுதான், அதுவும் 16 வருடம் ஆடி! இந்த இருவரையும் நடுவில் நிறுத்தி ஒரு அணி ஜெயித்தது என்றால் அது சீவரின் பெருமை, கூஸ்மனின் பெருமை.

பால்டிமோர்_பரணி எழுதியது:

இந்த இழைக்குள் வரவேண்டாம் என்றுதான் இருந்தேன். வைஸ் பெயரைப் பார்த்ததும் முடியவில்லை.

நாங்கள் 109 ஆட்டம் ஜெயித்த அணி. எங்கள் இன்ஃபீல்ட்: ஃபர்ஸ்டில் பூக் பவல், செகண்டில் டேவி ஜான்சன், ஷார்ட்டில் மார்க் பெலஞ்சர், தேர்டில் புரூக்ஸ் ராபின்சன். அந்த வருடம் கடைசி மூவருக்கும் கோல்ட் கிளவ். ஒருவருக்கு ஒருவர் மாற்று என்ற பேச்சே கிடையாது. காலையில் கேட்டாலும் ராத்திரி கேட்டாலும் அதே நாலு பேர். உலகத் தொடரில் புரூக்ஸ் 19-க்கு 1, அதாவது 19 முறை பேட் பிடித்து ஒரே ஹிட். ஜான்சன் 15-க்கு 1. பவல் ஒரு ரன்னும் கொண்டுவரவில்லை. எதிரில் .215 அடித்த வைஸ் 11-க்கு 5. சராசரி .455!

இன்னொரு கசப்பும் உண்டு. 1967 ஜூனில் வைஸ் வைட் சாக்ஸில் இருக்கும்போது, டபுள் பிளேயை (ஒரே பந்தில் இரண்டு அவுட்) தடுக்க செகண்ட் பேஸில் சறுக்கிய எங்கள் ஃபிராங்க் ராபின்சனின் தலை வைஸின் முழங்காலில் மோதியது. முந்தைய வருடம்தான் ராபின்சன் டிரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், கொண்டுவந்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம்) அடித்திருந்தார். அந்த அடிக்குப் பிறகு அவருக்குப் பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வைஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து அந்த வருடமே போய்விட்டது. யார் மீதும் குற்றம் இல்லைதான். ஆனாலும் இரண்டு வருடம் கழித்து அதே ஆள் வந்து எங்கள் கழுத்தில் உட்கார்ந்தபோது எப்படி இருந்திருக்கும்?

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

பரணி, வந்தது நல்லதாயிற்று. வைஸ் அந்தத் தொடரில் என்ன செய்தார் என்பதை உங்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்டத்தில் மெட்ஸ் தோற்றார்கள், 4-1. அந்த ஒரு ரன் வந்தது வைஸ் அடித்த சாக்ரிஃபைஸ் ஃப்ளையில் (தான் கேட்ச் ஆகி அவுட்டானாலும் ரன்னரை ஹோமுக்குக் கொண்டுவரும் அடி). இரண்டாவது ஆட்டம், 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். சார்ல்ஸ் சிங்கிள். ஜெர்ரி குரோட்டி சிங்கிள். அடுத்து வைஸ், அவருக்குப் பின்னால் பிட்சர் கூஸ்மன். மெக்நலி வைஸுக்கு எறிந்தார், லெஃப்ட் ஃபீல்டுக்கு சிங்கிள், சார்ல்ஸ் ஹோமுக்கு வந்தார், 2-1.

நாலாவது ஆட்டத்தில் பாடம் படித்துவிட்டார்கள். பத்தாவது இன்னிங்ஸ், 1-1, செகண்ட் பேஸில் ரன்னர். வைஸுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்க விடாமல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு அனுப்பினார்கள்! பிட்சரின் முறை அடுத்து என்பதும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்க இரண்டு ஹோம் ரன் அடித்தவரைப் பார்த்து 109 வெற்றி அணி ஒதுங்கிப்போன காட்சி அது. மாற்றாக வந்த ஜே.சி. மார்ட்டின் பன்ட் அடித்தார் (பந்தை மெல்லத் தட்டிவிட்டார்), ஃபர்ஸ்டுக்கு எறிந்த பந்து அவர் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது, அந்த இடைவெளியில் ராட் காஸ்பர் ஓடி வந்து ஆட்டம் முடிந்தது.

ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 16. பால்டிமோர் 3-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் கிளியோன் ஜோன்ஸின் ஷூ பாலிஷ் விவகாரம் (பந்தில் ஒட்டிய பாலிஷைக் காட்டி, அது ஜோன்ஸின் காலில் பட்டது என்று ஹாட்ஜஸ் நிரூபிக்க, ஜோன்ஸுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் கிடைத்தது), உடனே கிளெண்டனனின் இரண்டு ரன் ஹோம் ரன். ஏழாவதின் தொடக்கத்தில் வைஸ் லெஃப்ட் ஃபீல்ட் வேலிக்கு மேல் தூக்கினார். 3-3. ஷே ஸ்டேடியத்தில் அவர் அடித்த முதல் ஹோம் ரன் அது. எட்டாவதில் இரண்டு ரன், 5-3, கதை முடிந்தது.

நியூயார்க் பேஸ்பால் எழுத்தாளர்கள் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான பேப் ரூத் விருதை வைஸுக்குக் கொடுத்தார்கள். எம்விபி கிளெண்டனனுக்கு. ஆக இரண்டு பெரிய விருதும் இன்ஃபீல்டர்களுக்குத்தான் போயின. பிட்சிங்தான் ஜெயித்தது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எண்கணக்கன் எழுதியது:

11 முறை பேட் பிடித்ததில் 5. நாணயத்தைப் பதினொரு தடவை சுண்டினாலும் இதைவிட விசித்திரம் வரும். அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் நடுவில் கோடு போடாமல் பேசுகிறீர்கள் சார். விருது கொடுத்தவர்களும் அந்த வாரத்தின் உணர்ச்சியில்தான் கொடுத்தார்கள்.

கிளெண்டனன் விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அவர் நிஜமான பேட்டர். ஆனால் எம்விபி வாங்கியவரை மறக்கப்பட்டவர் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஃப்ளஷிங்_மீனா எழுதியது:

மெட்ஸ் ரசிகர் கூட்டத்தில் 69-ன் எம்விபி யார் என்று கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் சீவர் என்பார்கள், கொஞ்சம் பேர் கூஸ்மன் என்பார்கள்.

கிளெண்டனன் மெட்ஸுக்கு வந்து சேர்ந்த வழியே ஒரு வழக்குக் கட்டு. 1961 முதல் பிட்ஸ்பர்க்கில். 1968 அக்டோபரில் புதிதாக உருவான மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அவரை எடுத்தது. ஜனவரியில் ரஸ்டி ஸ்டாபுக்குப் பதிலாக ஹூஸ்டனுக்குக் கைமாற்றினார்கள். அங்கே மேனேஜர் ஹாரி வாக்கர். பிட்ஸ்பர்க்கிலிருந்தே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கிளெண்டனன் 'ஆட்டமே வேண்டாம்' என்று ஓய்வு அறிவித்துவிட்டு அட்லாண்டாவில் பேனா கம்பெனி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு ஆட்டக்காரருக்கு 'போகமாட்டேன்' என்று சொல்லும் உரிமையே கிடையாது. சந்தையில் விற்ற மாடு மாதிரி, ஓட்டிய பக்கம் போகவேண்டும். பேஸ்பால் ஆணையர் போவி கூன் தலையிட்டு, ஹூஸ்டனுக்கு வேறு ஆட்டக்காரர்களும் பணமும் கொடுத்து முடித்துவைத்தார். கிளெண்டனன் மான்ட்ரியலுக்கே திரும்பினார். ஜூன் 15, வியாபாரத்தின் கடைசி நாள், மெட்ஸ் அவரை வாங்கினார்கள்.

மெட்ஸுக்காக அந்த வருடம் 72 ஆட்டம், 12 ஹோம் ரன். பேட்டிங் வரிசையில் பயப்பட ஒரு ஆள் கிடைத்தார். ஆடி முடித்தபின் சட்டம் படித்து 1978-ல் பட்டம் வாங்கி வக்கீலானார். அணிகளோடு வாதாடிய மனிதருக்குப் பொருத்தமான தொழில்தான்!

சேப்பாக்கம்_கேலரி எழுதியது:

மீனா அக்கா, அந்த உலகத் தொடர் முடிந்ததும் எடுத்த புகைப்படம் ஒன்று பார்த்தேன். பிட்சர் துள்ளி கேட்சர் மேல் ஏறியிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் தனியாக நடனம் ஆடுகிற மாதிரி ஓடிவருகிறார். அவர் யார்?

ஃப்ளஷிங்_மீனா எழுதியது:

எட் சார்ல்ஸ்! கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

1933-ல் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் பிறந்தவர். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாமே தனித்தனி என்றிருந்த ஊர். 1946-ல் ஜாக்கி ராபின்சன் பயிற்சிக்கு அங்கே வந்தார். அப்போது சார்ல்ஸுக்கு 12 வயது. ராபின்சன் ஊரைவிட்டுக் கிளம்பியபோது ரயிலின் பின்னாலேயே ஓடிய பிள்ளைகளில் இவரும் ஒருவர். 1952-ல் பிரேவ்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதன்பின் மைனர் லீகிலேயே வருடக்கணக்காகக் கிடந்தார். அதில் பெரும்பகுதி தெற்கு மாநிலங்களில், அணியோடு ஒரே ஹோட்டலில் தங்க முடியாத காலம். மேஜர் லீகில் முதல் ஆட்டம் 1962-ல், கான்சாஸ் சிட்டிக்கு, 28 வயதில். ஒரு ஆட்டக்காரரின் நல்ல வருடங்கள் மொத்தமும் அதற்கு முன்பே கழிந்துவிட்டன. .207-ஐப் படிக்கும்போது இதையும் கூடவே படியுங்கள், எண்கணக்கன். அந்த வருடம் அவருக்கு 36 வயது.

கவிதை எழுதுவார். அணியில் எல்லாருக்கும் அண்ணன். நடை, ஓட்டம், பந்தை எடுப்பது எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்குமாம், அதனால் 'கிளைடர்' என்று பெயர்.

செப்டம்பர் 24, ஷே ஸ்டேடியம். ஜெயித்தால் டிவிஷன் பட்டம். எதிரில் செயின்ட் லூயிஸ், எறிந்தவர் ஸ்டீவ் கார்ல்டன், இடக்கை. எனவே சார்ல்ஸுக்கு இடம். முதல் இன்னிங்ஸிலேயே கிளெண்டனன் மூன்று ரன் ஹோம் ரன், சார்ல்ஸ் இரண்டு ரன் ஹோம் ரன். சார்ல்ஸ் வாழ்க்கையின் கடைசி ஹோம் ரன் அது. 6-0. கடைசியில் ஜோ டோரி அடித்த தரைப்பந்து: ஹாரல்சனிடமிருந்து வைஸுக்கு, வைஸிடமிருந்து கிளெண்டனனுக்கு, டபுள் பிளே, பட்டம். அந்த வரியை வானொலிப் பதிவில் கேட்டுப்பாருங்கள். இந்த இழையின் மூன்று பெயர் ஒரே மூச்சில் வரும்.

உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை முடித்ததும் அவர்தான். புரூக்ஸ் ராபின்சன் அடித்த தரைப்பந்தை எடுத்து, தேர்ட் பேஸிலேயே ரன்னரை முடிக்கலாமா என்று நொடி நேரம் தயங்கி, ஃபர்ஸ்டுக்கு எறிந்தார். தாழ்வாகப் போன பந்தைக் கிளெண்டனன் மண்ணோடு அள்ளினார்.

பேட்டிங்கில் அந்தத் தொடரில் 15-க்கு 2 தான். ஐந்தாவது ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம். மாதம் முடிவதற்குள் அணி அவரை விடுவித்துவிட்டது. 2018-ல் இறந்தார்.

மூணாம்பேஸ் எழுதியது:

சார்ல்ஸ் போனார். சரி, தேர்ட் பேஸில் மீதி இருந்தவர் வெய்ன் காரெட். இங்கேதான் மெட்ஸ் நிர்வாகமே தன் இன்ஃபீல்டரைக் கவனிக்கத் தவறிய கதை வருகிறது.

செம்பட்டை முடி, 21 வயது. அட்லாண்டாவின் மைனர் லீகில் இருந்தவரை 1968 டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் (மற்ற அணிகளின் மைனர் லீக் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏற்பாடு) 25,000 டாலருக்கு எடுத்தார்கள். அதே அட்லாண்டாவுக்கு எதிராக லீக் பட்டத்துக்கான மூன்றாவது ஆட்டம். பின்தங்கியிருக்கும்போது ஐந்தாவது இன்னிங்ஸில் காரெட் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து முன்னிலை வாங்கித் தந்தார். வருடம் முழுக்க அடித்தது ஒன்று, அன்றைக்கு ஒன்று. அந்த ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் ரிலீஃபில் (தொடங்கிய பிட்சருக்கு மாற்றாக வந்து) எறிந்து ஜெயித்த பையன் யார் தெரியுமா? பின்னாளில் மாபெரும் பிட்சரான நோலன் ரயன்.

இனி பாருங்கள். 1969 டிசம்பரில் தேர்ட் பேஸுக்கு ஆள் வேண்டும் என்று ஏமோஸ் ஓட்டிஸைக் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து ஜோ ஃபாய் என்பவரை வாங்கினார்கள். ஃபாய் ஒரே வருடம். ஓட்டிஸ் அங்கே போய் ஐந்து முறை ஆல்-ஸ்டார். மறுபடி 1971 டிசம்பரில் தேர்ட் பேஸுக்கு ஆள் வேண்டும் என்று ஜிம் ஃப்ரெகோசியை வாங்கினார்கள். அதற்குக் கொடுத்தது ரயனையும் கூட மூன்று பேரையும். ஃப்ரெகோசி ஷார்ட்ஸ்டாப்; தேர்ட் பேஸ் அவர் இடமே இல்லை. வந்ததும் பயிற்சியில் கட்டைவிரல் உடைந்தது. 1973 நடுவில் அவரையும் விற்றுவிட்டார்கள். அந்த வருடம் தேர்ட் பேஸில் ஆடி, 16 ஹோம் ரன் அடித்து, மெட்ஸை மறுபடி உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் யார்? காரெட்தான். இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தார்.

எண்கணக்கன் எழுதியது:

ரயன் வியாபாரத்தை நினைவூட்டி என் ராத்திரியைக் கெடுத்ததற்கு நன்றி. ஆனால் காரெட்டின் .218-ஐப் பார்த்த எந்த நிர்வாகமும் வேறு ஆள் தேடத்தான் செய்யும். தேடியதில் தப்பு இல்லை, கொடுத்த விலைதான் தப்பு. அதற்குத் தனி இழை வேண்டும்.

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

பாஸ்வெல்லையும் கிரேன்பூலையும் யாரும் தொடவில்லையே.

செப்டம்பர் 10, மான்ட்ரியலுடன் இரட்டை ஆட்டம். முதல் ஆட்டத்தின் 12-வது இன்னிங்ஸில் பாஸ்வெல்லின் சிங்கிளில் கிளியோன் ஜோன்ஸ் வந்தார், 3-2. மெட்ஸ் சரித்திரத்திலேயே முதல்முறையாகப் பருவத்தின் அவ்வளவு பிற்பகுதியில் முதலிடம் ஏறியது அந்த அடியில்தான். கிளவ் சுமார் என்று அவரைத் திட்டுவார்கள். அடுத்த வருடமே தொடர்ந்து 85 ஆட்டம் தவறே செய்யாமல் ஆடிக் காட்டினார்.

கிரேன்பூல் 1962-ல் 17 வயதில், பிராங்க்ஸ் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். 120 தோல்வி அணியில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, 1979 வரை வேறு அணிச் சட்டையே போடவில்லை. ஜூலை 8-ல் கப்ஸின் ஃபெர்கி ஜென்கின்ஸை ஒன்பதாவது இன்னிங்ஸில் கவிழ்த்த 4-3 ஆட்டத்தில் கடைசி சிங்கிள் அவருடையது. உலகத் தொடரில் அவருக்குக் கிடைத்த ஒரே தொடக்கம் மூன்றாவது ஆட்டம், அதிலும் ஒரு ஹோம் ரன்.

அப்புறம், தலைப்பில் ஏழு என்று போட்டிருக்கிறீர்கள். பாபி ஃபைல் எங்கே? 1969-ல் 62 ஆட்டம் ஆடினார். அக்டோபரில் களம் இறங்கவே இல்லை. மறக்கப்பட்டவர்களுக்கான இழையிலும் அவரை விட்டுவிட்டால் எப்படி?

மூணாம்பேஸ் எழுதியது:

ஃபைலுக்கு ஒரு வணக்கம். தலைப்பை நடத்துநர்தான் மாற்றவேண்டும்.

கடைசியாக ஹாரல்சன். உயரமில்லை, எடையில்லை, பேட்டில் சத்தமில்லை. ஆனால் எழுவரில் இடம் பங்கு போடாமல் நின்றவர் இவர் ஒருவரே. ஹாட்ஜஸ் எல்லா இடத்திலும் இடக்கை, வலக்கை என்று கணக்குப் போட்டார், ஷார்ட்ஸ்டாப்பில் போடவில்லை. உலகத் தொடரில் .176 அடித்தும் அங்கேயே நின்றார். எண்கணக்கன் கேட்கும் கோடு அதுதான்: பேட்டைப் பார்க்காமலேயே ஒருவரை ஆடவைக்கிறார்கள் என்றால் அந்தக் கிளவ் எப்படி இருந்திருக்கவேண்டும்? சீவருக்கு அறைத்தோழர், தன் பின்னால் யார் நிற்கவேண்டும் என்று சீவரிடம் கேட்டால் தெரிந்திருக்கும். 1971-ல்தான் கோல்ட் கிளவ் வந்தது. 1973-ல் செகண்ட் பேஸில் சின்சினாட்டியின் பீட் ரோஸோடு கட்டிப் புரண்டதை வைத்துத்தான் பலருக்கு இன்று அவரைத் தெரியும், அது ஒரு வருத்தம்.

1986-ல் மெட்ஸ் மறுபடி கோப்பை வாங்கியபோது தேர்ட் பேஸ் கோச் அவர். ஆறாவது ஆட்டத்தில் எதிரணி பாஸ்டனின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பக்னரின் காலுக்கிடையில் பந்து போனதும், மெட்ஸ் ரன்னர் ரே நைட்டின் கூடவே கோட்டோரமாக ஹோம் வரை ஓடினாரே, அந்த ஆள்தான். மெட்ஸ் வாங்கிய இரண்டு கோப்பையிலும் சீருடையோடு இருந்தது அவர் மட்டும்தான். 2024 ஜனவரியில் காலமானார்.

பால்டிமோர்_பரணி எழுதியது:

1986 என்றதும் ஞாபகம் வந்தது. 1969-ல் கிளியோன் ஜோன்ஸ் முழங்கால் மடக்கிப் பிடித்த அந்தக் கடைசி கேட்சை அடித்தது எங்கள் செகண்ட் பேஸ்மேன் டேவி ஜான்சன். 1986-ல் உங்கள் மேனேஜர் யார்? அதே டேவி ஜான்சன். உங்களிடம் ஏற்கெனவே எட்டு இன்ஃபீல்டர் இருந்தார்கள் ஐயா, எங்களுடையவர் ஒருவரையாவது விட்டுவைத்திருக்கலாம்.